எட்டாம் இடமும் கடைசி இடமும்: காலநிலைத் தரவரிசைகள் சொல்வதும் மறைப்பதும்

2022ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு இரண்டு மதிப்பெண் பட்டியல்கள் கிடைத்தன. ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தயாரித்த சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீடு வெளியானது. அதில் இடம்பெற்ற 180 நாடுகளில் இந்தியாவுக்கு 180ஆவது இடம். நவம்பரில், ஜெர்மன்வாட்ச் உள்ளிட்ட அமைப்புகள் ஆண்டுதோறும் தயாரிக்கும் காலநிலை மாற்றச் செயல்திறன் குறியீடு வெளியானது. அதில் இந்தியாவுக்கு எட்டாம் இடம். முதல் பட்டியல் ஆதாரமற்ற அனுமானங்களின் மீதும் அறிவியலுக்குப் புறம்பான முறைகளின் மீதும் கட்டப்பட்டது என்று கூறி ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை நிராகரித்தது. இரண்டாவது பட்டியலையோ, பிரதமரின் தலைமைக்குக் கிடைத்த சான்றிதழாக ஒன்றிய அரசு கொண்டாடியது.

ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே பிரச்சனை. ஒரு பட்டியலில் முதல் பத்துக்குள் ஓர் இடம், இன்னொன்றில் அடிமட்டம். பிந்தைய ஆண்டுகளில் அந்தச் சான்றிதழின் நிறமும் மங்கியது. 2023 டிசம்பரில் ஏழாம் இடம், 2024 நவம்பரில் பத்தாம் இடம் என்றிருந்த இந்தியா, 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தபோது வெளியான பட்டியலில் 23ஆம் இடத்துக்குச் சரிந்தது. நிலக்கரியிலிருந்து விடுபடுவதற்கான கால வரையறை எதுவும் இல்லை என்பதும், புதிய நிலக்கரித் தொகுதிகளின் ஏலம் தொடர்கிறது என்பதும் இந்தச் சரிவுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை.

தரவரிசையில் ஏறும்போது மார்தட்டுவதும் இறங்கும்போது அளவுகோலைப் பழிப்பதும் ஆட்சியாளர்களின் வழக்கம். உழைக்கும் மக்களின் கட்சிக்கு அந்த வழி உதவாது. எந்த நாடு எவ்வளவு செய்கிறது என்று ஒப்பிடுவது அவசியமான வேலைதான். ஆனால் அந்த ஒப்பீட்டில் எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள், செய்த வேலையின் விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்ற கேள்விகளைக் கேட்காமல் பட்டியலை மட்டும் படித்தால், பாதி உண்மையே கையில் கிடைக்கும்.

அளவுகோலின் அரசியல்

காலநிலை மாற்றச் செயல்திறன் குறியீடு 63 நாடுகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் மதிப்பிடுகிறது. உலகின் மொத்த உமிழ்வில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இவற்றிலிருந்தே வெளியாகிறது. பசுமை இல்ல வாயுக்களின் உமிழ்வுக்கு 40 விழுக்காடு, புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு 20, எரிசக்திப் பயன்பாட்டுக்கு 20, அரசின் காலநிலைக் கொள்கைக்கு 20 என்று மதிப்பெண்கள் பகிரப்படுகின்றன. முதல் மூன்று இடங்கள் ஒவ்வோர் ஆண்டும் காலியாகவே விடப்படுகின்றன. ஆபத்தான காலநிலை மாற்றத்தைத் தடுக்கும் அளவுக்கு எந்த நாடும் செயல்படவில்லை என்பதே அதன் பொருள். நான்காம் இடத்தில் டென்மார்க் நிலைத்து நிற்கிறது. 2025 நவம்பர் பட்டியலின் கடைசி நான்கு இடங்களில் ரஷ்யா, அமெரிக்கா, ஈரான், சவூதி அரேபியா ஆகியவை உள்ளன.

இந்தியா முன்வரிசையில் நின்ற ஆண்டுகளில் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்த பிரிவுகள் எவை என்று பார்க்க வேண்டும். உமிழ்வு, எரிசக்திப் பயன்பாடு ஆகிய இரண்டும்தான் அவை. அதாவது, இந்தியர் ஒருவர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயுவும் பயன்படுத்தும் எரிசக்தியும் குறைவு. ஒரு குடும்பம் மின்விசிறி இன்றி இரவைக் கழித்தால் அது உமிழ்வுக் கணக்கில் நாட்டுக்கு நன்மையாகவே பதிவாகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரே தூய சமையல் எரிபொருளைப் பயன்படுத்துகின்றனர். மீதிப் பேர் விறகுப் புகையிலும் சாணவரட்டிப் புகையிலும் சமைக்கின்றனர். இந்த இல்லாமையைத் தன் சாதனையாகக் காட்டித்தான் அரசு விளம்பரம் தேடிக்கொண்டது. அரசின் நடவடிக்கையை நேரடியாக அளக்கும் கொள்கை, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆகிய பிரிவுகளில் அத்தகைய உயர்ந்த மதிப்பெண் கிடைக்கவில்லை.

மறுபுறம், இந்தியாவைக் கடைசி இடத்துக்குத் தள்ளிய 2022ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டிலும் ஒரு வர்க்கப் பார்வை ஒளிந்திருந்தது. கடந்த சில ஆண்டுகளின் போக்கை நீட்டித்து, 2050இல் ஒரு நாட்டின் உமிழ்வு எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அதற்கு மிகப் பெரிய எடை கொடுத்தது அந்தக் குறியீடு. ஏற்கெனவே உச்சத்துக்குப் போய் மெல்லக் குறைந்துவரும் பணக்கார நாடு அந்தக் கணக்கில் நல்ல பிள்ளை. தாழ்ந்த நிலையிலிருந்து இப்போதுதான் மின்சாரமும் சாலையும் வீடும் கட்டத் தொடங்கியிருக்கும் நாடு குற்றவாளி. அந்தக் குறியீட்டின் மீது அமைச்சகம் எழுப்பிய ஆட்சேபத்தில் இந்த ஒரு பகுதி நியாயமானது. நியாயமான வாதம் ஒன்றை, காற்று மாசு, வன அழிப்பு, நீர்நிலைச் சீரழிவு பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் கேடயமாகப் பயன்படுத்தியதுதான் தவறு.

பழைய கடன்

வளிமண்டலத்தில் சேர்ந்த கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கியிருக்கும். எனவே இன்றைய உமிழ்வை மட்டும் எண்ணும் ஒப்பீடு, நேற்றைய கொள்ளையை மன்னித்துவிடும் ஒப்பீடாகிறது. தொழிற்புரட்சிக் காலம் முதல் புதைபடிவ எரிபொருட்களால் வெளியான மொத்தக் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. ஐரோப்பிய ஒன்றியத்தையும் பிரிட்டனையும் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வாழும் இந்தியாவின் பங்கு 4 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இன்றைக்கும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு சராசரியாக ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன்னுக்கு.

இந்தக் கடனைத் திருப்பித் தருவதில் அமெரிக்காவின் வரலாறு தொடர்ச்சியான வாக்குமீறலின் வரலாறு. 1997இல் உருவான கியோட்டோ உடன்பாட்டில் கையெழுத்திட்டது. ஆனால் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2001இல் ஜார்ஜ் புஷ் ஆட்சி அதைக் கைகழுவியது. 2015இன் பாரீஸ் உடன்பாட்டிலிருந்து டிரம்ப் ஆட்சியில் வெளியேறியது, பைடன் ஆட்சியில் 2021இல் திரும்பியது, 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் பதவியேற்ற முதல் நாளிலேயே மறுபடி வெளியேறுவதாக அறிவித்தது. பெலெம் மாநாட்டுக்கு அது அதிகாரபூர்வக் குழுவைக்கூட அனுப்பவில்லை. உலகிலேயே மிக அதிகமாகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடும் அதுதான். உலகம் 2024இல் பதிவு செய்யப்பட்ட ஆண்டுகளிலேயே மிக வெப்பமான ஆண்டைக் கண்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு கணித்தது. பாரீஸில் வகுக்கப்பட்ட 1.5 டிகிரி எல்லை ஓர் ஆண்டு சராசரியில் உடைந்துவிட்ட நேரத்தில், மிகப் பெரிய கடனாளி கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார்.

எல்லை தாண்டும் புகை

தரவரிசைகள் மறைக்கும் இன்னொரு கணக்கு, எல்லைகளுக்கு அப்பால் அனுப்பப்படும் புகை. ஒரு நாட்டின் நிலப்பரப்புக்குள் வெளியாகும் உமிழ்வே அந்நாட்டின் கணக்கில் சேர்கிறது. நார்வேயில் 2024இல் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்கு மின்சாரக் கார்கள். பாராட்டத்தக்க சாதனை. ஆனால் அந்தச் சலுகைகளை வழங்கும் செல்வம் வடகடலின் எண்ணெயிலும் எரிவாயுவிலும் பிறந்தது. அந்த எண்ணெய் வேறு நாடுகளில் எரியும்போது, புகை நார்வேயின் கணக்கில் ஏறுவதில்லை.

2024 செப்டம்பர் 30 இந்த உண்மையை ஒரே நாளில் எடுத்துக்காட்டியது. அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது. 1882இல் லண்டன் ஹோல்போர்ன் வயடக்ட்டில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் 142 ஆண்டுக் கதை முடிவுற்றது. உலக ஊடகங்கள் அதைக் கொண்டாடின. அதே நாளில், வேல்ஸ் பகுதியின் போர்ட் டால்பட் நகரில் டாட்டா ஸ்டீல் நிறுவனத்தின் கடைசி ஊதுலையும் அணைக்கப்பட்டது. பிரிட்டன் முழுவதுமாக ஏறத்தாழ 2,800 வேலைகள் இழக்கப்படும் என்று அந்நிறுவனம் அவ்வாண்டு தொடக்கத்திலேயே அறிவித்திருந்தது. மின்சார உலை அமைக்கப் பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு பொதுப்பணத்தை அளித்தது. மாற்று உலை இயங்கத் தொடங்கும்வரை ஓர் ஊதுலையையாவது எரியவிடுங்கள் என்ற தொழிற்சங்கங்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அதே செப்டம்பரில், அதே நிறுவனம், ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலைக்குத் தீ மூட்டியது. 2006 ஜனவரி 2 அன்று இந்த ஆலைக்கான நிலத்தைக் காக்கப் போராடிய பழங்குடி மக்களில் பத்துக்கும் மேற்பட்டோர் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த அதே கலிங்கநகர். பிரிட்டனின் உமிழ்வுப் பட்டியலில் ஓர் எண் குறைந்தது. இந்தியாவின் பட்டியலில் ஓர் எண் கூடியது. வேல்ஸில் வேலை போனது. ஒடிசாவில் நிலம் ஏற்கெனவே போயிருந்தது. இரு நாடுகளிலும் லாபக் கணக்கு எழுதும் கை மட்டும் ஒன்று. நாடுகளை நாடுகளோடு மட்டும் ஒப்பிடும் அட்டவணைக்கு இந்தக் கை தெரிவதே இல்லை.

இந்தியா எஃகு தயாரிக்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. வீடும் பாலமும் ரயில்பாதையும் கட்டப்பட வேண்டிய நாட்டுக்கு எஃகு தேவை. ஆனால் அந்த எஃகைக் குறைந்த புகையில் தயாரிக்கும் தொழில்நுட்பத்துக்குப் பொதுப்பணம் வேல்ஸில் கிடைக்கிறது, கலிங்கநகரில் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது தண்டனைதான். 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லையில் எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்ற இறக்குமதிகளுக்குக் கார்பன் கட்டணம் விதிக்கும் முறை முழு நடைமுறைக்கு வருகிறது. வசூலாகும் பணம் ஐரோப்பியக் கருவூலத்துக்கே செல்லும்.

விலையைக் கொடுப்பவர் யார்?

உமிழ்வு குறைந்ததா என்ற கேள்விக்குப் பக்கத்தில், யாருடைய செலவில் குறைந்தது என்ற கேள்வியையும் வைத்தால் ஐரோப்பிய நாடுகளுக்கிடையேகூடப் பெரும் வேறுபாடு தெரியும்.

பிரிட்டனின் உமிழ்வு 1990ஆம் ஆண்டின் அளவில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அந்தச் சரிவின் ஒரு பகுதிக்குக் காற்றாலைகள் காரணம். இன்னொரு பகுதியின் வேர், சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை நொறுக்கத் தாட்சர் ஆட்சி 1984-85இல் நடத்திய போரில் இருக்கிறது. ஓராண்டு நீடித்த அந்த வேலைநிறுத்தம் தோற்கடிக்கப்பட்ட பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மாற்று வேலை ஏற்பாடு செய்யப்படவில்லை. யார்க்‌ஷயரிலும் தெற்கு வேல்ஸிலும் ஊர்கள் தலைமுறைகளாக வறுமையில் விடப்பட்டன.

ஜெர்மனியில் கடின நிலக்கரிச் சுரங்கத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவர அரசு, சுரங்க நிறுவனம், தொழிற்சங்கம் ஆகியவை 2007இல் உடன்பாடு கண்டன. கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் கட்டாயப் பணிநீக்கம் இல்லை. முன்கூட்டிய ஓய்வூதியம், மறுபயிற்சி, பணியிட மாற்றம் ஆகியவற்றின் வழியே தொழிலாளர்கள் விடுவிக்கப்பட்டனர். மீதமுள்ள நிலக்கரிப் பயன்பாட்டை 2038க்குள் முடிக்கவும், நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கவும் பின்னர் சட்டம் இயற்றப்பட்டது. ஸ்பெயினில் 2018இல் தொழிற்சங்கங்களுடன் கையெழுத்தான உடன்பாடு, பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்களை மூடும்போது தொழிலாளர்களுக்கும் அவர்களது வட்டாரங்களுக்கும் 25 கோடி யூரோ ஒதுக்கியது. இவை சோஷலிச நாடுகள் அல்ல. வலுவான தொழிற்சங்கங்கள் பேரம் பேசிய இடத்தில் முதலாளித்துவ அரசும் தொழிலாளருக்கு இடம் விட வேண்டியிருந்தது. சங்கத்தை உடைத்த இடத்தில் எதுவும் மிஞ்சவில்லை.

பொது உடைமையின் பாடம்

பட்டியலின் உச்சியில் நிற்கும் டென்மார்க்கின் முன்னேற்றம் சந்தையின் அற்புதத்தால் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதுண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்நாட்டு அரசு எரிசக்தியைத் திட்டமிட்டது. காற்றாலைகளில் கூட்டுறவுச் சங்கங்கள் முதலீடு செய்ய வழி திறந்தது. 1991இல் உலகின் முதல் கடல்சார் காற்றாலைப் பூங்கா விண்டெபியில் அமைந்தது. தலைநகர் கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் நிற்கும் மிடில்குருண்டன் காற்றாலைகளில் பாதி, நகரின் மின் நிறுவனத்துக்கும் மறுபாதி ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்கும் சொந்தமாகக் கட்டப்பட்டன. இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது.

சீனா பட்டியலின் கீழ்ப்பகுதியில் நிற்கிறது. உலகின் ஆண்டு உமிழ்வில் ஏறத்தாழ 30 விழுக்காடு அதனுடையது; இன்னும் புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டுகிறது. இந்த உண்மைகளை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உலகம் முழுவதற்கும் சூரிய மின்தகடுகள் மலிவானதற்குக் காரணமும் சீனாவே என்பதை அட்டவணை சொல்வதில்லை. 2024இல் மட்டும் அந்நாடு 277 ஜிகாவாட் சூரிய மின்திறனை நிறுவியது. காற்றாலை, சூரிய மின்திறனை 1,200 ஜிகாவாட்டாக உயர்த்தும் 2030ஆம் ஆண்டு இலக்கை ஆறு ஆண்டுகள் முன்பே எட்டியது. 2010 முதல் 2023 வரை உலக அளவில் சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்தது. அரசு வங்கிகள், ஐந்தாண்டுத் திட்டங்கள், நீண்டகால முதலீடு ஆகியவை இன்றி இது நடந்திருக்காது. 2035க்குள் உமிழ்வை உச்ச அளவிலிருந்து 7 முதல் 10 விழுக்காடு வரை குறைப்பதாக 2025 செப்டம்பரில் சீனா அறிவித்துள்ளது. தேவையின் அளவுக்கு இது குறைவு என்ற விமர்சனம் சரியே. அதே நாட்களில் காலநிலை மாற்றமே ஒரு மோசடி என்று ஐ.நா. பொதுச்சபையில் பேசியவர் அமெரிக்க அதிபர் என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டும்.

உமிழ்வுக் குறைப்பைப் போலவே மக்களைக் காப்பதும் காலநிலைப் பணிதான். 1970இல் வீசிய புயலில் இன்றைய வங்கதேசத்தில் மூன்று லட்சம் பேருக்குமேல் இறந்தனர். பல்லாயிரம் தன்னார்வலர்களைக் கொண்ட புயல் முன்னெச்சரிக்கை அமைப்பு, புகலிடங்கள் ஆகியவற்றின் வழியே அந்நாடு புயல் சாவுகளைப் பத்துகளிலும் நூறுகளிலும் அடக்கியது. அமெரிக்காவின் பொருளாதார முற்றுகையில் மூச்சுத் திணறும் கியூபா, 2017இல் வகுத்த ‘வாழ்வின் பணி’ என்னும் அரசுத் திட்டத்தின் கீழ் கடலோரக் குடியிருப்புகளை இடம் மாற்றுகிறது. சூறாவளிகளின்போது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே வெளியேற்றுகிறது. உமிழ்வை அளக்கும் குறியீடுகளில் இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை.

கடனாக வரும் நிவாரணம்

2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக உறுதி கூறின. 2020க்குள் எட்ட வேண்டிய அந்தத் தொகை, அவர்கள் கணக்கின்படியே 2022இல்தான் எட்டப்பட்டது. அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. 2035க்குள் 30,000 கோடி டாலர் என்பதுதான் விடையாக வந்தது. இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே அதைக் கண்கட்டு வித்தை என்று கண்டித்தார். அந்தக் கண்டனம் சரியானது. அதே 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர்.

ஆனால் பாகுவில் சரியாகப் பேசிய ஒன்றிய அரசு, வயநாட்டில் என்ன செய்தது? 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை விழுங்கியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உட்பட 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுவாழ்வுக்கு மானியம் கேட்ட கேரளத்துக்கு 2025 பிப்ரவரியில் ஒப்புதலானது 529.50 கோடி ரூபாய். அதுவும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். குறுகிய காலக் கெடுவுக்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். வாஷிங்டனும் பிரஸ்ஸல்ஸும் ஏழை நாடுகளை நடத்தும் முறையைப் புதுதில்லி ஒரு மாநிலத்திடம் கடைப்பிடித்தது. சர்வதேச அரங்கில் இழப்பீடு கோரும் அரசுக்கு, உள்நாட்டில் இழந்தவர்களுக்குக் கடன் கொடுக்கும் தார்மீக உரிமை இல்லை.

சராசரிக்குள் ஒளியும் சிலர்

தனிநபர் சராசரி என்ற வாதத்தை இந்திய ஆளும் வர்க்கம் வெளியே மட்டும் பயன்படுத்துகிறது. அதே அளவுகோலை நாட்டுக்குள் திருப்பினால் காட்சி மாறும். உலகின் மிகப் பணக்கார 1 விழுக்காட்டினர் 2019இல் வெளியிட்ட கரியமில வாயு, மனிதகுலத்தின் ஏழை மூன்றில் இரண்டு பங்கினர் வெளியிட்டதற்குச் சமம் என்று ஆக்ஸ்பாம் அமைப்பு கணக்கிட்டது. அந்த 1 விழுக்காட்டுக்குள் இந்தியக் கோடீசுவரர்களும் உண்டு. விறகு சுமக்கும் பெண்ணின் ஏழ்மையைச் சேர்த்து வகுத்தால்தான் அவர்களது தனி விமானங்களின் புகை சராசரிக்குள் மறைகிறது.

நிறுவப்பட்ட மின்திறனில் பாதி புதைபடிவமற்றது என்ற இலக்கு 2025இலேயே, ஐந்து ஆண்டுகள் முன்னதாக எட்டப்பட்டது என்று அரசு கூறுகிறது. நிறுவிய திறனைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. 2024-25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. 2020 முதல் தனியாருக்கு வணிகச் சுரங்க ஏலம் நடக்கிறது. சூரிய மின்சாரத்தின் வளர்ச்சியும் பெரும்பாலும் சில பெருமுதலாளிகளின் கைகளில் குவிகிறது. மாநில மின்வாரியங்களுக்குச் சூரிய மின்சாரம் விற்பதற்காக அதிகாரிகளுக்குக் கையூட்டு உறுதியளிக்கப்பட்டதாக அதானி குழுமத்தினர் மீது 2024 நவம்பரில் அமெரிக்காவில் குற்றச்சாட்டு பதிவானது. குழுமம் அதை மறுத்துள்ளது. இந்தியாவில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கோரிக்கைக்கு அரசு செவிசாய்க்கவில்லை. 2023இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டம் காடுகளின் காப்பைத் தளர்த்தியது. பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. ஷோம்பென் மக்களின் வாழ்விடம் அது.

இவ்வளவுக்கும் நடுவே, வெப்பத்தில் வேலை செய்பவரின் நிலை என்ன? வெப்ப அழுத்தத்தால் 2030இல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 விழுக்காட்டை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமமானதை இழக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இலேயே எச்சரித்தது. விவசாயத் தொழிலாளர்களும் கட்டுமானத் தொழிலாளர்களும் அந்த இழப்பைக் கூலி இழப்பாக ஏற்கெனவே சுமக்கின்றனர். பெலெம் மாநாடு முடிவதாகக் குறிக்கப்பட்டிருந்த 2025 நவம்பர் 21 அன்றுதான் ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெப்பம் கூடும் காலத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு குறைக்கப்பட்டது.

கட்சியின் முன் உள்ள கடமை

நிலக்கரிப் பகுதிகளில் இந்தக் கேள்வி நாளைக்கு வரப்போவதன்று. ஜாரியா, ராணிகஞ்ச், கோர்பா, சிங்ரௌலி, நெய்வேலி ஆகிய இடங்களில் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை ஏற்கெனவே சுருங்கி, ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை பெருகிவிட்டது. மிதிவண்டியில் நிலக்கரி மூட்டைகளைத் தள்ளிச் சென்று பிழைக்கும் குடும்பங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சுரங்கம் மூடப்படும் நாளில் இழப்பீட்டுப் பட்டியல் தயாரானால், அதில் முதலில் விடுபடுவோர் இவர்கள்தான். இதைப் பேசாமல் நிலக்கரியை நிறுத்து என்று மட்டும் சொல்வது வேல்ஸின் பாதை. நிலக்கரியைத் தொடவே கூடாது என்பது சுரங்க முதலாளியின் பாதை. இடதுசாரி இயக்கத்தின் பாதை இவ்விரண்டிலிருந்தும் வேறானது.

முதலாவதாக, நிலக்கரிப் பகுதிகளின் மாற்றத்துக்கான தேசியத் திட்டம் தொழிற்சங்கங்களின் பங்கேற்புடன் வகுக்கப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் முறைசாராத் தொழிலாளர்களும் அதில் பெயரோடு பதிவாக வேண்டும். பெலெமில் நீதியான மாற்றத்துக்கான ஏற்பாடு ஒன்று உருவாக ஒப்புதல் கிடைத்ததே உலகத் தொழிற்சங்கங்களின் விடாமுயற்சியால்தான். அதை இந்திய மண்ணில் உயிர்பெறச் செய்வது இங்குள்ள சங்கங்களின் வேலை. இரண்டாவதாக, புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பொதுத்துறை, மாநில மின்வாரியங்கள், கூட்டுறவுகள் ஆகியவற்றின் கையில் வளர வேண்டும். மின்விநியோகத்தைத் தனியாருக்குத் திறக்கும் முயற்சிகள் முறியடிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, வெப்ப அலையைத் தேசியப் பேரிடர் பட்டியலில் சேர்த்து, கடும் வெப்ப நாட்களில் கூலியுடன் ஓய்வு, குடிநீர், நிழல் ஆகியவற்றைச் சட்டபூர்வ உரிமையாக்க வேண்டும். நான்காவதாக, பேரிடர் நிவாரணம் மாநிலங்களுக்கு மானியமாகவே வழங்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராம சபையின் ஒப்புதல் இன்றி ஒரு காடும் கைமாறக் கூடாது. இவற்றுடன், வரலாற்றுப் பொறுப்பின் அடிப்படையில் பணக்கார நாடுகள் நிதியையும் தொழில்நுட்பத்தையும் மானியமாகத் தர வேண்டும் என்ற கோரிக்கை உலக அரங்கில் விட்டுக்கொடுக்கப்படாமல் ஒலிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டும் பட்டியல் வரும். இந்தியாவின் இடம் ஏறலாம், இறங்கலாம். அந்த எண்ணை வைத்துத் தொலைக்காட்சிகள் ஒரு மாலைப்பொழுது விவாதிக்கும். கிளைக் கூட்டங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் தோழர்கள் எடுத்துச் செல்ல வேண்டிய கேள்விகள் வேறு. எந்த ஊர்த் தொழிலாளி இந்த ஆண்டு வெப்பத்தில் எத்தனை நாள் கூலி இழந்தார்? எந்தச் சுரங்கத்தில் எத்தனை பேர் ஒப்பந்தத்தில் இருக்கின்றனர்? எந்தக் கிராம சபையிடம் கேட்காமல் எந்த நிலம் கைமாறியது? இந்தக் கணக்கை உழைக்கும் மக்களே எழுதித் தங்கள் கோரிக்கைப் பட்டியலாக்கும்போதுதான், காலநிலைப் போராட்டம் மாநாட்டு அரங்குகளிலிருந்து ஆலை வாயிலுக்கும் வயல்வரப்புக்கும் வந்து சேரும்.